'அதிவேகம்'னு எழுதிட்டா கணக்கு முடிஞ்சுதா?

டெர்ம் இன்சூரன்ஸ் வீடியோ போட்டதிலிருந்து ஒரே கேள்வி பத்து விதமா வருது: "சார், ஸ்பீடா போய் ஆக்சிடென்ட் ஆனா குடும்பத்துக்குக் காசு வராதாமே, உண்மையா?"

ஒரு வரியில பதில் சொல்லலாம். சாதாரண டெர்ம் பாலிசியில இறப்பு எப்படி நடந்ததுங்கறது பெரும்பாலும் பிரச்சினை இல்ல, பாலிசி சரியா இருந்தா பணம் வரும். ஆனா எதிர் வண்டியோட இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட நஷ்டஈடு கேட்டு மோட்டார் விபத்து தீர்ப்பாயத்துக்குப் போகும்போது, "அதிவேகம்"ங்கற அந்த ஒத்தை வார்த்தைக்கு லட்சக்கணக்குல விலை உண்டு. அந்த வார்த்தையை யார் எழுதறாங்க, எதை வெச்சு எழுதறாங்க, நிஜமா விபத்துக் காரணத்தை எப்படிக் கண்டுபிடிக்கணும், இதைப் பத்திதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

முதல்ல ஒரு புள்ளிவிவரம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட 2022-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நாட்டுல அந்த வருஷம் 4,61,312 விபத்துகள், 1,68,491 மரணங்கள். இதுல 71.2 சதவீத மரணங்களுக்குக் காரணம்னு போட்டிருக்கறது 'அதிவேகம்'.

நான் ஒரு ஆடிட்டர். ஒரு கம்பெனியோட கணக்குல மொத்தச் செலவுல 71 சதவீதம் 'இதர செலவுகள்'னு ஒரே தலைப்புல இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன். வவுச்சரைக் கொண்டு வாங்கன்னு சொல்வேன். அந்தத் தலைப்பு பொய்யா இருக்கணும்னு அவசியமில்ல. ஆனா ஒரு தலைப்பு அவ்வளவு பெருசா இருக்கும்போது, அதுக்குள்ள என்னென்னவோ தள்ளி விட்டிருப்பாங்கன்னு சந்தேகப்படறதுதான் என் வேலை.

இந்த விஷயத்துல வவுச்சர் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரிய வந்தது ஒரு துக்க வீட்டுல. எங்க ஆபீஸ்ல ஆர்ட்டிகிள்ஷிப் பண்ணிட்டிருந்த ஒரு பையன். அவனோட அண்ணனுக்கு 27 வயசு. ஒரு தனியார் கம்பெனியில நிரந்தர வேலை, கைக்கு மாசம் 45,000 சம்பளம், கல்யாணம் ஆகல. ராத்திரி 11 மணி வாக்குல பைபாஸ்ல பைக்ல வந்தவர், ரோட்டோரமா நின்னுட்டிருந்த லாரியோட பின்பக்கத்துல மோதி அங்கேயே போயிட்டார். லாரி டிரைவர் கொடுத்த வாக்குமூலத்தை வெச்சு எஃப்ஐஆர். அதுல, பைக்கை ஓட்டி வந்தவர் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்" வந்து மோதியதாக இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவரும் அவரே, இறந்தவரும் அவரே. வழக்கு அதோட முடிஞ்சுது.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு அவங்க அம்மா என்கிட்ட கேட்டது நஷ்டஈட்டைப் பத்தி இல்ல. "தம்பி, எம்புள்ள வேகமா போறவன் இல்ல. பேப்பர்ல அப்படி எழுதிட்டாங்களே, அதை மாத்த முடியாதா?"னு கேட்டாங்க. என்கிட்ட பதில் இல்ல. வருமான இழப்பு எவ்வளவுன்னு கணக்குப் போட்டுக் கொடுக்கத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தாங்க. அந்தக் கணக்கையே முதல்ல காட்டறேன்.

உச்ச நீதிமன்றம் 2009-ல சரளா வர்மா வழக்குலயும், 2017-ல பிரணய் சேத்தி வழக்குலயும் இதுக்கு ஒரு முறை சொல்லியிருக்கு. 40 வயசுக்குக் கீழே, நிரந்தர வேலைன்னா, எதிர்கால உயர்வுக்காக சம்பளத்தோட 50 சதவீதம் கூட்டணும். 45,000 இப்போ 67,500 ஆகுது. கல்யாணம் ஆகாதவர்னா அவரோட சொந்தச் செலவுக்குப் பாதியைக் கழிக்கணும். மிச்சம் 33,750. பன்னிரண்டு மாசத்துக்கு 4,05,000. 26 முதல் 30 வயசுக்குப் பெருக்கு எண் 17. ஆக 68,85,000 ரூபாய். ஈமச் செலவு மாதிரி சின்னத் தொகைகள் தனி.

இப்போ தீர்ப்பாயம் "இறந்தவர் மேலயும் பாதித் தப்பு"னு சொன்னா 34,42,500 போச்சு. "முழுத் தப்பும் அவர்தான்"னு சொன்னா மொத்தமும் போச்சு. 2025 ஜூலையில கர்நாடகாவிலிருந்து வந்த ஒரு வழக்குல உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவா உறுதி பண்ணிடுச்சு: தன்னோட சொந்த அஜாக்கிரதையால மட்டும் வண்டி கவிழ்ந்து இறந்தவரோட குடும்பத்துக்கு இந்த நஷ்டஈடு கிடையாது.

அப்போ அந்த எஃப்ஐஆர் வார்த்தை எங்கிருந்து வருது? சட்டப் பிரிவிலிருந்து. முன்னாடி ஐபிசி 279, 304ஏ. 2024 ஜூலை 1 முதல் பிஎன்எஸ் 281, 106. அஜாக்கிரதையா ஓட்டினார்னு இருந்தாதான் அந்தப் பிரிவுல வழக்குப் போட முடியும். அதனால ஸ்டேஷன்ல எழுதற எல்லா விபத்து எஃப்ஐஆர்லயும் அந்த ரெட்டை வார்த்தை உட்கார்ந்திருக்கும். கல்யாணப் பத்திரிகையில "நிகழும் மங்களகரமான" மாதிரி. யாரும் அளந்து பார்த்து எழுதறது இல்ல. 1998-லயே உச்ச நீதிமன்றம், லாரி கவிழ்ந்த ஒரு வழக்குல, 'அதிக வேகம்'னு சாட்சி சொன்னா மட்டும் போதாது, எத்தனை வேகம், எந்த இடத்துல, எந்தச் சூழ்நிலையிலன்னு இல்லாம அதை அஜாக்கிரதைன்னு எடுத்துக்க முடியாதுன்னு சொல்லியிருக்கு. கால் நூற்றாண்டுக்கு மேல ஆச்சு, டெம்ப்ளேட் மாறலை.

ரோடு வெச்சிருக்கற ரசீது

அளந்தா என்ன தெரியும்? முதல்ல டயர் தடம். பிரேக் பிடிச்சு வீல் லாக் ஆகி ரோட்டைத் தேய்ச்சுட்டுப் போன கறுப்புக் கோடு. அதோட நீளத்தை மீட்டர்ல எடுத்து, ரோட்டோட உராய்வு எண்ணால பெருக்கி, 254-ஆல பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தா வேகம் கிலோமீட்டர்ல வந்துடும். ப்ளஸ் டூ இயற்பியல்தான்.

காய்ஞ்ச தார் ரோடு, உராய்வு எண் 0.7, தடம் 40 மீட்டர்னு வெச்சுக்கோங்க. விடை 84 கி.மீ. அதே 40 மீட்டர் தடம், ஆனா மழை பெஞ்ச ரோடு, உராய்வு 0.4. விடை 64 கி.மீ. ஒரே தடம், ரோடு ஈரமா காய்ஞ்சதாங்கற ஒரே விஷயத்துல 20 கி.மீ. வித்தியாசம். மணல் கொட்டிக் கிடந்தா இன்னும் மாறும். அதனாலதான் ஒழுங்கான விசாரணையில அதே இடத்துல, அதே மாதிரி வண்டியை ஓட்டி பிரேக் பிடிச்சு உராய்வை அளப்பாங்க. புத்தகத்துல இருக்கற எண்ணை அப்படியே போட மாட்டாங்க.

இதுல பலரும் பண்ற ஒரு தப்பு இருக்கு. அந்தத் தடம் சொல்றது குறைஞ்சபட்ச வேகம்தான். தடம் முடிஞ்ச இடத்துல வண்டி நின்னுடல, எதுலயோ மோதியிருக்கு. மோதும்போது 40 கி.மீ. வேகம் மிச்சம் இருந்ததுன்னா, 84-ஐயும் 40-ஐயும் கூட்டி 124-னு சொல்லக் கூடாது. வேகத்தோட வர்க்கங்களைத்தான் கூட்டணும். ரெண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி மூலம் எடுத்தா 93. செய்திகள்ல வர்ற "140-ல வந்திருக்கார்" மாதிரி எண்களைப் பார்க்கும்போது எனக்கு இந்த 124 ஞாபகம் வரும்.

தடமே இல்லன்னா பிரேக்கே பிடிக்கலன்னு அர்த்தமா? இல்ல. ஏபிஎஸ் உள்ள வண்டியில வீல் லாக் ஆகாது. தடம் மங்கலா இருக்கும், சில சமயம் கண்ணுக்கே தெரியாது. புது வண்டிகள் நிறைய வந்த பிறகும் "ஸ்கிட் மார்க் இல்லை, ஆகவே பிரேக் பிடிக்கவில்லை"னு எழுதறாங்கன்னா, போன தலைமுறை ஃபார்முலாவை இந்தத் தலைமுறை வண்டிக்குப் போடறாங்கன்னு அர்த்தம்.

வளைவுல கட்டுப்பாடு போய் வண்டி பக்கவாட்டுல சறுக்கிட்டுப் போனா வளைஞ்ச தடம் விழும். அந்த வளைவோட ஆரத்தை அளந்து வேகம் கணக்குப் போடுவாங்க. இரும்பு ரோட்டைக் கீறின இடம், கண்ணாடித் தூள் கொட்டின இடம், ரேடியேட்டர் தண்ணி சிந்தின இடம் எல்லாம் மோதின புள்ளி எதுன்னு காட்டும். வண்டி எவ்வளவு நசுங்கியிருக்குன்னு அளந்து மோதின வேகத்தைச் சொல்ற முறையும் உண்டு. அது நிபுணர்கள் சமாச்சாரம், நான் அதுக்குள்ள போகல.

ஸ்பீடாமீட்டர் முள் 110-ல நின்னு போன போட்டோ வாட்ஸ்அப்ல சுத்தும் பாருங்க, அதை நம்பி எந்த முடிவுக்கும் வராதீங்க. மோதின அதிர்ச்சியில முள் எங்க வேணா நகரலாம். தனியா அது ஒரு சாட்சியே இல்ல.

சிசிடிவி. இதுதான் இன்னைக்கு எல்லாரும் நம்பற சாட்சி. ரெண்டு விளக்குக் கம்பத்துக்கு நடுவுல 30 மீட்டர். வண்டி அதைக் கடக்க வீடியோவுல 30 ஃப்ரேம் ஆகுது. நொடிக்கு 25 ஃப்ரேம்னா 1.2 நொடி, அதாவது 90 கி.மீ. வேகம். ஆனா அந்தக் கடையில இருக்கற டிவிஆர், இடம் மிச்சம் பண்ண நொடிக்கு 15 ஃப்ரேம்தான் பதிவு பண்ற மாதிரி செட் பண்ணியிருந்தா? அதே 30 ஃப்ரேம் 2 நொடி. வேகம் 54 கி.மீ. ஒரு செட்டிங்ஸ் மாத்தத்துல 'அதிவேகம்' காணாமப் போயிடுச்சு. வீடியோவை மட்டும் மொபைல்ல எடுத்துட்டு வந்தா இது தெரியாது, அந்தப் பெட்டியோட விவரம் வேணும். அந்தப் பெட்டியும் சில வாரத்துல பழசை அழிச்சு மேல எழுதிடும்.

அப்புறம் காருக்குள்ளேயே இருக்கற பதிவு. ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தற பெட்டி பல கார்கள்ல மோதறதுக்கு முந்தின சுமார் 5 நொடியோட வேகம், பிரேக், ஆக்ஸிலரேட்டர், சீட் பெல்ட் நிலையைச் சேமிச்சு வைக்கும். விமானத்துக் கருப்புப் பெட்டியோட சின்னத் தம்பி. இதுலயும் ஒரு குறிப்பு: அந்த வேகம் சக்கரம் சுத்தற வேகத்திலிருந்து எடுக்கறது. சக்கரம் லாக் ஆகியோ சறுக்கியோ இருந்தா அது வண்டியோட வேகமா இருக்காது. நம்மில் பலர் ஓட்டற பைக், ஸ்கூட்டர்ல பொதுவா இப்படி ஒரு பெட்டி கிடையாது.

133-ம் 100-ம்

2022 செப்டம்பர் 4 உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி குஜராத்திலிருந்து மும்பைக்கு வந்துட்டிருந்த மெர்சிடிஸ் கார், பால்கர் மாவட்டத்துல சூர்யா நதிப் பாலத்தோட தடுப்புச் சுவர்ல மோதுச்சு. பின் சீட்டுல இருந்த மிஸ்திரியும் இன்னொருவரும் இறந்தாங்க. முன் சீட்டுல இருந்த ரெண்டு பேரும் படுகாயத்தோட பிழைச்சாங்க.

அன்னைக்கு சாயங்காலமே வந்த கணக்கு இது: சாரோட்டி சோதனைச் சாவடி கேமராவுல கார் 2.21-க்குக் கடந்தது, 20 கி.மீ. தள்ளி விபத்து 2.30-க்கு. 20 கி.மீ. 9 நிமிஷத்துல. சராசரி 133 கி.மீ. டிவியில அதுதான் தலைப்பு. பிறகு மெர்சிடிஸ் நிறுவனம் கார்ப் பதிவை எடுத்து போலீஸுக்குக் கொடுத்த இடைக்கால அறிக்கையில, மோதறதுக்கு 5 நொடி முன்னாடி வேகம் 100 கி.மீ., மோதும்போது 89 கி.மீ.

ஆடிட்ல இதை ரீகன்சிலியேஷன்னு சொல்வோம். பேங்க் ஸ்டேட்மென்ட் ஒண்ணு சொல்லுது, கேஷ் புக் இன்னொண்ணு சொல்லுது. ரெண்டுல ஒண்ணு பொய்யா? அவசியம் இல்ல. 133 ஒரு சராசரி, 100 ஒரு கணம். வேகமா வந்துட்டு பாலம் நெருங்கும்போது குறைச்சிருக்கலாம். இல்லன்னா விபத்து நேரம் 2.30-ங்கறது தோராயமா சொன்னதா இருக்கலாம். பத்தரை நிமிஷம்னு வெச்சா சராசரி 114-க்கு இறங்கிடும். ரெண்டு எண்ணும் எதை அளக்குதுன்னு கேக்காம பெருசை மட்டும் எடுத்துத் தலைப்பாக்கறதுதான் பிரச்சினை.

அந்த விசாரணையில இன்னும் ரெண்டு விஷயம் வந்தது. அந்த இடத்துல மூணு தடமா வர்ற ரோடு பாலத்துக்கிட்ட ரெண்டா சுருங்குது, பாலத்துச் சுவர் ரோட்டோட ஓரத் தடத்துக்குள்ள நீட்டிட்டு நிக்குதுன்னு நிபுணர் குழு சொன்னாங்க. பின் சீட்டுல இருந்தவங்க பெல்ட் போடலன்னும் தெரிஞ்சது. கார் ஏன் மோதுச்சுங்கறது ஒரு கேள்வி. அதே கார்ல ரெண்டு பேர் ஏன் பிழைச்சு ரெண்டு பேர் ஏன் இறந்தாங்கங்கறது தனிக் கேள்வி. 'அதிவேகம்' ரெண்டுக்கும் ஒரே பதிலா உட்கார்ந்துடுது. பாலத்தைக் கட்டினவங்க, ரோட்டுல எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டியவங்க எல்லாரும் அந்த ஒரு வார்த்தைக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சுக்கறாங்க. எனக்கு இதுலதான் கோபம்.

வேகம் நல்லதுன்னு நான் சொல்லலை, தப்பா எடுத்துக்காதீங்க. வேகம் ரெண்டு மடங்கானா மோதற சக்தி நாலு மடங்கு. வேகம் எந்த விபத்தையும் மோசமாக்கும், அதுல விவாதமே கிடையாது. ஆனா "மோசமாக்குச்சு"ங்கறதும் "உண்டாக்குச்சு"ங்கறதும் வேற வேற. உச்ச நீதிமன்றமே 2020-ல ஒரு பைக்ல மூணு பேர் போன வழக்குல இதைச் சொன்னது. மூணு பேர் போனது விதிமீறல்தான். ஆனா பின்னாடி வந்து கார் மோதினதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு காட்டினாதான் நஷ்டஈட்டைக் குறைக்க முடியும். உயர் நீதிமன்றம் குறைச்ச 10 சதவீதத்தைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க.

இன்னொரு வழக்கு நம்ம கோயம்புத்தூர்ல நடந்தது. 2017 ஜனவரி. ஒரு இன்ஜினியரிங் மாணவர் பைக்ல போறார். முன்னாடி போன கார் திடீர்னு பிரேக் போட, அதுல மோதி விழறார். பின்னாடி வந்த பஸ் கால்மேல ஏறிடுச்சு, இடது காலை எடுக்க வேண்டியதாப் போச்சு. தீர்ப்பாயம்: மாணவர் மேல 20 சதவீதத் தப்பு, பஸ் மேல 80, கார் மேல ஒண்ணும் இல்ல. உயர் நீதிமன்றம்: கார் 40, பஸ் 30, மாணவர் 30. 2025 ஜூலையில உச்ச நீதிமன்றம்: கார் 50, பஸ் 30, மாணவர் 20. மொத்தம் 1.14 கோடியில 20 சதவீதம் போக சுமார் 91.2 லட்சம். ஒரே விபத்து, ஒரே ரோடு. அந்தக் காரோட பங்கு பூஜ்யத்திலிருந்து பாதிக்கு வர எட்டு வருஷம் ஆச்சு. கையில உறுதியான அளவுகள் குறைவா இருக்கும்போது சதவீதம் இப்படித்தான் ஆடும்.

அந்த லாரிக்கு வர்றேன்

ராத்திரி, விளக்கில்லாத பைபாஸ். லோ பீம்ல நிக்கற லாரி 45 மீட்டர் தள்ளித் தெரிஞ்சதுன்னு வெச்சுக்குவோம். கண்ணு பார்த்து, மூளைக்கு உறைச்சு, கை பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி. 80 கி.மீ. வேகத்துல அந்த ஒன்றரை நொடிக்குள்ளேயே 33 மீட்டர் போயிடும். நல்ல ரோட்டுல, நல்ல பிரேக்ல நிக்க இன்னும் 36 மீட்டர். மொத்தம் 69. மோதறது நிச்சயம். சரி, 60 கி.மீ.? 25 கூட்டல் 20, மொத்தம் 45. சரியா லாரியோட பம்பர்ல போய் நிக்கும், கொஞ்சம் தூக்கக் கலக்கம் இருந்தாலும் மோதும். ஆக, அந்த ரோட்டுல யாருமே அதிவேகம்னு சொல்லாத வேகத்துல வந்திருந்தாலும் தப்பிக்கறது கஷ்டம். அப்போ கேள்வி பைக் வேகத்தைப் பத்தி மட்டும் இல்ல. லாரியோட டெயில் லைட் எரிஞ்சுதா? ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் இருந்துதா? முக்கோணப் பலகை வெச்சாங்களா?

டெயில் லைட் எரிஞ்சுதான்னு கண்டுபிடிக்க ஒரு வழி இருக்குன்னு எனக்கு ஒரு வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சது. ஃபிலமென்ட் பல்பா இருந்தா, எரிஞ்சுட்டிருக்கும்போது மோதினா, சூடா இளகியிருக்கற அந்தக் கம்பி நீண்டு சுருண்டு போயிடும். எரியும்போது கண்ணாடி உடைஞ்சா கம்பி காத்துபட்டு ஆக்சைடாகி நிறம் மாறும். அணைஞ்சிருந்தா குச்சி ஒடிஞ்ச மாதிரி நறுக்குன்னு உடையும், இல்ல அப்படியே இருக்கும். மைக்ரோஸ்கோப்ல பார்த்தா தெரிஞ்சுடும். எல்இடி விளக்குக்கு இது செல்லாது. அந்த லாரியில இருந்தது சாதா பல்பு.

லாரியை மூணாம் நாள் விடுவிச்சுட்டாங்க. மோட்டார் வாகன ஆய்வாளர் ரிப்போர்ட்ல வழக்கமான வரி: இயந்திரக் கோளாறால் விபத்து ஏற்படவில்லை. பல்பைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. நாங்க விசாரிக்கும்போது பின்பக்க விளக்கு புதுசா மாட்டியிருந்தது. பழசு எந்தக் குப்பையில போச்சோ.

மிஞ்சினது தம்பியோட ஃப்ரெண்ட் ஒருத்தர் அன்னைக்கு ராத்திரி மொபைல்ல எடுத்த நாலு போட்டோ. லாரிப் பின்பக்கம் முழுக்கப் புழுதி, ரிஃப்ளெக்டர் தெரியல, முக்கோணம் இல்ல. டயர் தடமும், பக்கத்துல ரோட்டோட வெள்ளைக் கோடுகளும் ஃப்ரேம்ல இருந்தது. நானும் தம்பியும் ஒரு ஞாயித்துக்கிழமை டேப் எடுத்துட்டுப் போய் அந்தக் கோடுகளை அளந்தோம். தடம் சுமார் 22 மீட்டர்னு வந்தது. பின் பிரேக் மட்டும் பிடிச்ச பைக்குன்னு உராய்வை 0.4-னு வெச்சா குறைஞ்சபட்சம் 47 கி.மீ. அதுக்கு மேல மோதின வேகம் எவ்வளவுன்னு எங்களால சொல்ல முடியாது. நான் நிபுணரும் இல்ல, என் கணக்கு கோர்ட்டுல செல்லவும் செல்லாது. ஆனா அவர் லாரியைப் பார்த்து பிரேக் பிடிச்சார், 22 மீட்டர் போராடியிருக்கார்ங்கறது அதுல இருந்தது. வக்கீல் அந்தப் போட்டோக்களை எடுத்தவரையே சாட்சியா நிறுத்தி அதை வாதாடினார்.

எதிர்த்தரப்பு பாதித் தப்பு அவர் மேலன்னு கேட்டாங்க. தீர்ப்பாயம் 25 சதவீதம் போட்டுச்சு. 17 லட்சத்துச் சொச்சம் குறைஞ்சுது, 51 லட்சத்துச் சொச்சம் வந்தது. அந்த நாலு போட்டோ இல்லன்னா என்ன ஆகியிருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க.

இன்சூரன்ஸ் கம்பெனிகளை வில்லனாக்க நான் விரும்பல. சம்பந்தமே இல்லாத வண்டியைக் கொண்டு வந்து போடற பொய்க் கேஸும் நடக்குது, அவங்க சந்தேகப்படறதுக்குக் காரணம் இருக்கு. அளவு, போட்டோ, பதிவு இருந்தா ரெண்டு பக்கமும் பொய் சொல்றது கஷ்டமாயிடும்.

விதிகள் இல்லாம இல்ல. 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த மத்திய விதிகள்படி, போலீஸ் 48 மணி நேரத்துல முதல் விபத்து அறிக்கை, 50 நாள்ல இடைக்கால அறிக்கை, 90 நாள்ல விரிவான அறிக்கை கொடுக்கணும். ஐஐடி மெட்ராஸ் உருவாக்கின ஐராட்னு ஒரு செயலியும் இருக்கு, போலீஸ் சம்பவ இடத்துலயே விவரம், போட்டோ ஏத்தறதுக்கு. நல்ல ஏற்பாடு. ஆனா ஸ்டேஷன்ல பந்தோபஸ்து டியூட்டிக்கு நடுவுல இதையும் பார்க்கற ஒரு எஸ்.ஐ.கிட்ட உராய்வு அளக்கற கருவியை எதிர்பார்க்க முடியுமா? என் கருத்து இதுதான்: உயிர் போன ஒவ்வொரு விபத்துலயும் தடத்தை அளந்து போட்டோ எடுக்காம, விளக்கும் டயரும் பிரேக்கும் பார்த்து எழுதாம எந்த வண்டியையும் விடுவிக்கக் கூடாது. வேகம்னு எழுதினா, பக்கத்துல எண்ணும் எழுதணும், அந்த எண் எப்படி வந்ததுன்னும் எழுதணும். எண் இல்லன்னா 'தெரியவில்லை'ன்னு எழுதுங்க. எங்க தொழில்ல ஆதாரம் போதலன்னா கருத்துச் சொல்ல இயலாதுன்னு எழுதிட்டுக் கையெழுத்துப் போடுவோம். அதுல அவமானம் எதுவும் இல்ல.

அதெல்லாம் வர்ற வரைக்கும், நம்ம வீட்டுல ஒருத்தருக்கு ஆகிட்டா அழுதுட்டு உட்கார்ந்திருக்கும்போதே யாராவது ஒருத்தர், மாமாவோ ஃப்ரெண்டோ, சம்பவ இடத்துக்குப் போகணும். தூரத்திலிருந்து, கிட்ட இருந்து, ரோட்டுக் கோடு தெரியற மாதிரி போட்டோ. ரெண்டு வண்டியோட விளக்கும் குளோசப்ல. பக்கத்துக் கடை, பெட்ரோல் பங்க்ல கேமரா இருந்தா பதிவை எடுத்து வைக்கச் சொல்லி போலீஸ்கிட்ட எழுத்துல கொடுத்து, கொடுத்ததுக்கு ரசீது வாங்கணும். நம்ம வண்டியை ஷெட்டுக்கோ காயலான் கடைக்கோ அனுப்பறதுக்கு முன்னாடி வக்கீலைக் கேக்கணும். முதல் விபத்து அறிக்கையோட நகலைக் கேட்டு வாங்குங்க, அது உங்க உரிமை. மனு போட 6 மாசம்னு சட்டத்துல இருக்கு. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரைக்கும் வழக்குகள் போயிருக்கு, ஆனா அதை நம்பித் தள்ளிப் போடாதீங்க.

டேஷ்கேம் வாங்கலாமான்னு கேப்பீங்க. கார் இருந்தா வாங்குங்க. ஆனா நீங்க 110-ல போனா அதையும் அது பதிவு பண்ணும்.

கடைசியா, எந்த விசாரணையையும் நம்பி இருக்காத பணம். தப்பு யார் மேல இருந்தாலும், வண்டி ஓனரே ஓட்டும்போது இறந்தா 15 லட்சம் கொடுக்கற கட்டாய தனிநபர் விபத்துக் காப்பு உங்க வண்டி பாலிசியோட வரணும். செல்லுபடியாகற லைசென்ஸ் இருக்கணும். ஆன்லைன்ல ரினியூ பண்ணும்போது "என்னிடம் ஏற்கனவே வேறு காப்பு உள்ளது"ன்னு ஒரு டிக் கேக்கும். சில நூறு ரூபாய் மிச்சம் பண்ண நிறைய பேர் அதை டிக் பண்ணிட்டுப் போயிடறீங்க. அந்த அண்ணன் பாலிசியிலயும் அந்த டிக் இருந்தது. வேற காப்பு எதுவும் இல்ல.

அடுத்த வீடியோல ஒரு பாலிசியை ஸ்க்ரீன்ல திறந்து, அந்தக் காப்பு எந்தப் பக்கத்துல, எந்த வரியில இருக்கும்னு காட்டறேன். அதுக்குள்ள உங்க வண்டி பாலிசி பிடிஎஃப்-ஐ மெயில்ல தேடி எடுத்து வெச்சுக்கோங்க. அப்பா பேர்ல இருக்கற வண்டியை நீங்க ஓட்டறீங்கன்னா அதையும் சேர்த்து எடுங்க. அந்த 15 லட்சம் ஓனருக்கு மட்டும்தான், அதைப் பத்தியும் பேசுவோம்.